கைதோடு முடிந்துவிடும் செய்திகள்: கனடாத் தமிழ் ஊடக ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கனடாவில் இயங்கும் தமிழ் வானொலி, தொலைக்காட்சி, பத்திரிகை, இணையச் செய்தித்தளம் ஆகியவற்றின் ஆசிரியர்களுக்கும் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும்,

கடந்த பெப்ரவரியில், கறுப்பின வரலாற்று மாதத்தை முன்னிட்டு, ஸ்காபரோவில் நான் கற்பிக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் மாணவர்கள் அரைமணி நேர வானொலி நிகழ்ச்சி ஒன்றைத் தயாரித்தார்கள். தாங்கள் விரும்பிக் கேட்கும் கறுப்பின இசைக் கலைஞர்களின் வாழ்வையும் தொழிலையும் தங்கள் பெற்றாருக்கும் அம்மம்மாமாருக்கும் விளங்கும் தமிழில் எடுத்துச் சொல்வதே அதன் நோக்கம். உங்களில் ஒரு நிலையம் அதை ஒலிபரப்ப ஒப்புக்கொண்டது. பிள்ளைகள் உறவினர்களுக்கெல்லாம் நாளையும் நேரத்தையும் அறிவித்த பிறகு, "பெற்றார் இதை விரும்பமாட்டார்கள், அந்த ஆட்களைப் பற்றி எங்கள் நேயர்களுக்குத் தெரிந்தது போதும்" என்று கூறி விலக்கிக்கொண்டது. அதே வாரத்தில் அதே நிலையத்தின் மாலைச் செய்தியில், ராப் பாடகர் ஒருவர் கைதான தகவலுக்கு மட்டும் தாராளமாக இடம் இருந்தது. நேயர்களுக்குத் தெரிந்தது போதும் என்றால், அந்தத் தெரிதலை அவர்களுக்குக் கொடுத்தவர்கள் யார் என்பதை அந்த ஒரு நிலையத்திடம் மட்டுமன்றி உங்கள் அனைவரிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் நிலையத்தின் பெயரைத் தவிர்த்து, இம்மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

நிகழ்ச்சி எப்படி உருவானது என்பதை முதலில் சொல்ல வேண்டும். தரம் 9 முதல் 12 வரையிலான மாணவர்களிடம், தமிழ் ஊடகங்களில் வெளிவந்த செய்திகளில் தமக்குப் பிடித்த இசைக் கலைஞர் ஒருவரைப் பற்றியதைத் தேடிக் கொண்டுவந்து, அதைச் சொந்த வசனத்தில் எழுதுமாறு ஒரு பயிற்சி கொடுத்திருந்தேன். தமிழ் வாசிக்க வைப்பதற்கான சாதாரணப் பயிற்சி அது. வேறு எந்த உள்நோக்கமும் எனக்கு இருக்கவில்லை. இந்தியத் திரையிசையைத் தேர்ந்தவர்கள் பாடல் பதிவு, இசையமைப்பு, விருது, நேர்காணல் என்று பலவகைச் செய்திகளோடு வந்தார்கள். கறுப்பினக் கலைஞர்களைத் தேர்ந்தவர்கள், அவர்களே வகுப்பில் பெரும்பான்மையினர், கொண்டுவந்தவை இரண்டே வகை: யாரோ கைதானார் அல்லது சுடப்பட்டார் என்பது ஒன்று, யாரோ இத்தனை மில்லியன் டொலருக்கு வீடு, கார், கழுத்துச் சங்கிலி வாங்கினார் என்பது மற்றொன்று. ஒன்றில் கைவிலங்கு, மற்றதில் வைரம். தாளுகளை எல்லாம் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்த ஒரு மாணவி, "மிஸ், இவர்களில் ஒருவருமே பாட்டுப் பாடுவதில்லையா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்கு அந்தக் கேள்விக்கு உங்கள் செய்திகளை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியவில்லை.

நீங்கள் தவறவிட்டது எவ்வளவு என்பதற்குத் தொலைதூர உதாரணம் தேவையில்லை. த வீக்கென்ட் என்று உலகம் அறியும் ஏபல் டெஸ்ஃபாயே, எத்தியோப்பியாவிலிருந்து வந்த பெற்றாருக்கு 1990-ல் பிறந்து, அம்மாவும் அம்மம்மாவும் வளர்க்க, வீட்டில் அம்ஹாரிக் பேசி, நம் பிள்ளைகள் நடக்கும் அதே ஸ்காபரோத் தெருக்களில் வளர்ந்தவர். பள்ளியை இடையில் விட்டவர். போதைப்பொருள் பழக்கம் தன்னைப் பிடித்திருந்த காலத்தைத் தாமே வெளிப்படையாகப் பேசியவர். அவரை ஒரு புனிதராக்கிக் காட்டும்படி நான் கேட்கவில்லை. ஆனால் 2016-ல் அவர் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் எத்தியோப்பியக் கற்கைகளுக்காக, குறிப்பாகத் தொன்மொழியான கீஸ் மொழியைக் கற்பிப்பதற்காக, 50,000 டொலர் நன்கொடை கொடுத்தார். அதே பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைய நாம் வீடு வீடாக, விழா விழாவாகப் பணம் சேர்த்து 2021-ல் 30 இலட்சம் டொலர் இலக்கை எட்டினோம். அதை நீங்கள் நாள் தவறாமல் அறிவித்தீர்கள், அதற்கு நான் நன்றியுடையவள். தன் தாய்மண்ணின் பழைய மொழி ஒரு கனேடியப் பல்கலைக்கழகத்தில் வாழ வேண்டும் என்று பணம் கொடுத்த, நம் பக்கத்துத் தெருவில் வளர்ந்த பாடகரின் கதை தமிழ் நேயருக்கு ஏன் பொருந்தாது என்று நீங்கள் முடிவு செய்தீர்கள்? என் மாணவர்களுக்கு இதைச் சொன்னபோது, தமிழ் வகுப்புக்கு வருவதை ஒரு தண்டனையாக நினைத்திருந்த பையன் ஒருவன், கீஸ் எழுத்து எப்படியிருக்கும் என்று அங்கேயே கைப்பேசியில் தேடத் தொடங்கினான். எங்கள் நிகழ்ச்சியின் முதல் பகுதியை எழுதியவன் அவன்தான்.

இரண்டாவது பகுதி அமெரிக்க ராப் பாடகர் டூபாக் ஷக்கூரைப் பற்றியது. 1996 செப்டம்பரில் லாஸ் வேகஸில் சுடப்பட்டு 25 வயதில் இறந்தவர் என்ற அளவில் உங்கள் நேயர்களில் சிலர் அவரை அறிந்திருக்கக்கூடும். அவர் போல்ட்டிமோர் கலைப் பள்ளியில் நடிப்பும் கவிதையும் பாலே நடனமும் பயின்றவர் என்பதும், அவருடைய தாய் அஃபேனி ஷக்கூர், அமெரிக்கக் கறுப்பின உரிமை அமைப்பான கருஞ்சிறுத்தைக் கட்சியின் மீதான வழக்கில் கருவுற்ற நிலையில் தமக்காகத் தாமே வாதாடி, 1971 மே மாதத்தில் விடுதலையாகி, அடுத்த மாதம் இந்தப் பிள்ளையைப் பெற்றார் என்பதும் ஒரு 16 வயதுத் தமிழ்ப் பெண் தானே தேடிப் படித்து எழுதியவை. சிறை, வழக்கு, தாய், கவிதை ஆகியவை என்னவென்று ஈழத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பகுதியைக் கேட்டிருந்தால் உங்கள் நேயர்கள் தொலைபேசியில் அழைத்துத் திட்டியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

நீங்கள் இதைச் சினிமாச் செய்திக்கு நடுவே போகும் ஒரு சிறு துணுக்கு விவகாரம் என்று எண்ணக்கூடும். பிள்ளைகளின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அது அப்படியில்லை. அவர்கள் இந்தக் கலைஞர்களைக் கைப்பேசியில் நாள் முழுவதும் பார்க்கிறார்கள். அங்கே அவர்களுக்குக் காட்டப்படுவது பெரும்பாலும் பதினைந்து வினாடித் துண்டுகள், அவற்றுள்ளும் சண்டையும் சங்கிலியும் முன்னால் வந்து நிற்கும். பெற்றார் அதே கலைஞர்களை உங்கள் மூலம் மட்டுமே அறிகிறார்கள். அங்கே விலங்கு முன்னால் வந்து நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில், அந்த மனிதர் என்ன செய்கிறார், எங்கிருந்து வந்தார், அவரது பாடலில் எது வாக்குமூலம், எது வேடம், எது வணிகம் என்று பிள்ளையும் பெற்றாரும் சேர்ந்து பேசக்கூடிய ஓர் இடம் வீட்டில் இல்லாமற்போகிறது. பிள்ளை செவியில் கருவியை மாட்டிக்கொண்டு மௌனமாகிவிடுகிறது. பெற்றார் கருவியைப் பறிக்கிறார்கள்.

அதன் அடுத்த கட்டத்தையும் நான் பார்த்திருக்கிறேன். என் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய், மாலைச் செய்தியில் துப்பாக்கிச் சூட்டுத் தகவல் ஒன்றைக் கேட்ட மறுநாள், மகனுடைய நெருங்கிய பள்ளித் தோழனை வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தத் தோழன் ஜமேக்காப் பின்னணி கொண்டவன், கணிதத்தில் வகுப்பின் முதல்வன், தமிழ்க் குடும்பத்து இடியப்பத்துக்கு ஆசைப்பட்டு வந்துபோனவன். செய்தியில் வந்த பாடகருக்கும் அவனுக்கும் தோலின் நிறம் தவிர வேறு தொடர்பில்லை. அந்தத் தாய் கெட்டவர் அல்ல. இரண்டு வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்ப்பவர், கறுப்பின மனிதர்களோடு நின்று கதைப்பதற்கு வாழ்க்கை அவருக்கு நேரம் தரவில்லை. அவருக்கு அந்தச் சமூகத்தை அறிமுகம் செய்துவைத்தவர்கள் நீங்களே. உங்கள் இணையத்தளங்களை யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இருந்து வாசிக்கும் இளையோருக்கோ, ஒரு கறுப்பின அயலவரோ சக மாணவரோ இல்லாத நிலையில், அந்த அறிமுகத்தைத் திருத்திக்கொள்ள வாய்ப்பே இல்லை.

மறுபக்கத்தில், அந்தப் படிமத்தை வெறுக்காமல் அணிந்துகொள்ளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கறுப்பினத்தவராக இருப்பது என்றால் அச்சமூட்டுவதும் பணத்தை விசிறுவதும்தான் என்று நம்பி, அந்த உடல்மொழியைக் கடன் வாங்கி, பல நூற்றாண்டு அடிமைத்தனத்தின் வசைச்சொல்லைத் தமக்குள் செல்லமாகக் கூவிக்கொள்ளும் தமிழ்ப் பையன்களைப் பள்ளி நடைக்கூடங்களில் எவரும் பார்க்கலாம். அந்தச் சொல்லை ஏன் நாம் வாயில் எடுக்கக்கூடாது என்று அவர்களுக்குத் தமிழில் விளக்கிய ஒரு நிகழ்ச்சியை நான் கேட்டதில்லை. மாறாக, நேயர் அழைப்பு நிகழ்ச்சிகளில், கறுப்பினத்தவரை இழிவாகக் குறிக்கும் 'காப்பிலி' என்ற சொல் சிரிப்போடு உதிர்வதையும், அறிவிப்பாளர் அதைத் தடுக்காமல் கூடச் சிரிப்பதையும் கேட்டிருக்கிறேன். அந்த நிகழ்ச்சிகள் காரில் ஒலிக்கும்போது பின்னிருக்கையில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஊடகம் எதை முன்வைக்கிறதோ அதன்படிதான் காது கேட்கிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு. அமெரிக்க உளவியலாளர் கேரி ஃபிரைட் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், கிங்ஸ்டன் ட்ரையோ என்ற வெள்ளையின நாட்டாரிசைக் குழு 1960-ல் பாடிய, ஓர் இளைஞன் காவல் அதிகாரியைச் சுட்டுவிடுவதைச் சொல்லும் பாடலின் வரிகளை மக்களிடம் வாசிக்கக் கொடுத்தார். சிலரிடம் அது ராப் என்றும், சிலரிடம் நாட்டாரிசை அல்லது கன்ட்ரி இசை என்றும் சொல்லப்பட்டது. வேறு சிலருக்குப் பாடகர் என்று ஒரு கறுப்பினத்தவரின் படமோ வெள்ளையினத்தவரின் படமோ காட்டப்பட்டது. ஒரே வரிகள். ராப் என்று நம்பியவர்களும் கறுப்பினப் பாடகரின் படத்தைப் பார்த்தவர்களும் அவை ஆபத்தானவை, கட்டுப்படுத்தப்பட வேண்டியவை என்று கூடுதலாகக் கருதினார்கள். பாடல் ஒரு சொல்லும் மாறாதிருக்க, கேட்பவர் மட்டும் மாறிப்போனார்.

இன்னொரு சான்று என்னை அதைவிட அதிகம் கலங்கச் செய்தது. 2009 பெப்ரவரியில் பாடகர் கிறிஸ் பிரவுன் தன் காதலியும் பாடகியுமான ரிஹானாவைத் தாக்கினார். காயமுற்ற அவரது முகத்தின் பொலிஸ் படம் கசிந்து உலகமெங்கும் பரவியது. அடுத்த மாதம் பொஸ்டன் நகரப் பொதுச் சுகாதார ஆணையம் 12 முதல் 19 வயது வரையிலான 200 இளையோரிடம் கேட்டபோது, அவர்களில் 46 விழுக்காட்டினர் நடந்ததற்கு ரிஹானாவே பொறுப்பு என்றார்கள். அடி வாங்கியவருடைய முகத்தைப் பார்த்த பிறகும் அப்படிச் சொன்னார்கள். 'பிரபலங்களின் காதல் மோதல்' என்ற தலைப்பில் ஒரு குற்றத்தைக் கிசுகிசுவாக விற்றால், இளம் மனம் அதை யார் பக்கம் நியாயம் என்ற விளையாட்டாகத்தான் எடுத்துக்கொள்ளும். இதே அச்சில்தான் நீங்களும் எழுதுகிறீர்கள்.

அப்படியானால் கறுப்பினக் கலைஞர்களின் குற்றங்களை எழுதாதே என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை, இன்னும் ஒழுங்காக எழுதுங்கள் என்கிறேன். அமெரிக்கப் பாடகர் ஆர். கெல்லி 1994-ல் 15 வயதுப் பாடகி ஆலியாவை, அவருக்கு 18 வயது என்று பொய்யாகக் காட்டிய ஆவணத்தோடு திருமணம் செய்தார். சிகாகோ சன்-டைம்ஸ் பத்திரிகை 2000 டிசம்பரிலேயே அவர் மீதான சிறுமிகளின் பாலியல் முறைப்பாடுகளை விரிவாக வெளியிட்டது. 2008-ல் ஒரு வழக்கில் அவர் விடுவிக்கப்பட்டார். 2019-ல் கைதாகும் வரை, இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் பெரும்பாலும் நட்சத்திரமாகவே உலாவினார். 2021-ல் நியூயோர்க்கில் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 2022-ல் 30 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் கறுப்பினச் சிறுமிகள். அவர்களுடைய குரலுக்குத்தான் செவிகள் திறக்கவில்லை. தண்டனைச் செய்தியைத் தமிழில் படித்த என் மாணவி ஒருத்தி எழுதிய வசனம்: "ஒரு பெரிய பாடகர் சிறைக்குப் போனதால் அவருடைய சொத்து எல்லாம் போயிற்று." அவள் பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை. நீங்கள் அதை அப்படித்தான் எழுதியிருந்தீர்கள். சிறுமிகள் அந்தச் செய்தியில் எங்குமே இருக்கவில்லை.

கைது எழுதப்படுகிறது, முடிவு எழுதப்படுவதில்லை என்பது எனது அடுத்த குற்றச்சாட்டு. அட்லாண்டாவின் ராப் பாடகர் யங் தக் 2022 மே மாதத்தில் வேறு 27 பேரோடு குற்றம் சாட்டப்பட்டுக் கைதானபோது உங்களில் பலர் அதை வெளியிட்டீர்கள். அவருடைய பாடல் வரிகளே நீதிமன்றத்தில் சாட்சியமாக அனுமதிக்கப்பட்டதும், கவிதையைக் குற்ற ஒப்புதலாக வாசிக்கலாமா என்று சட்ட அறிஞர்களும் கலைஞர்களும் வாதிட்டதும், கலிஃபோர்னியா மாநிலம் அதே 2022-ல் இத்தகைய சாட்சியங்களை நீதிமன்றங்கள் கடுமையாகச் சோதித்த பின்னரே ஏற்க வேண்டும் என்று சட்டம் இயற்றியதும் உங்கள் பக்கங்களில் வரவில்லை. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் அடைபட்டிருந்த அவர், 2024 ஒக்டோபர் இறுதியில் சில குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டு, சிறையில் கழித்த காலமே தண்டனையாக, 15 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு வெளியே வந்தார். கடைசி வரை வழக்கை எதிர்த்து நின்ற இருவரும் அவ்வாண்டு டிசம்பரில் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டனர். யங் தக் குற்றமற்றவர் என்று நான் வாதாட வரவில்லை. முழுக் கதையும் சிக்கலானது, 17 வயது மாணவர்கள் அமர்ந்து விவாதிக்கத் தகுந்தது. அவர்களுக்குத் தமிழில் கிடைத்ததோ கையில் விலங்கு பூட்டிய ஒரு படம்.

2024-ல் ராப் பாடகர்கள் டிரேக், கென்ட்ரிக் லாமார் இருவரும் பாடலுக்குப் பாடல் எதிர்ப்பாட்டுப் பாடியபோதும் இதுவே நடந்தது. இசையில் என்ன நடக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. மே 7 அதிகாலை, ரொறன்ரோவில் டிரேக்கின் வீட்டுக்கு வெளியே நடந்த துப்பாக்கிச் சூடு மட்டும் வந்தது. அதில் கடுமையாகக் காயமுற்றவர் அங்கே பணியில் நின்ற காவலாளி. இரவுக் காவல் வேலை இந்த நகரத்தில் எத்தனை தமிழ்க் குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்று நன்றாகத் தெரிந்த நீங்கள், அவரை ஒரு வரியில் கடந்துவிட்டு வீட்டின் பெறுமதியை விரித்தீர்கள். அதே கென்ட்ரிக் லாமாருக்கு 2018-ல் இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. செவ்வியல், ஜாஸ் இசைக்கு வெளியே அந்தப் பரிசு சென்றது அதுவே முதல் தடவை. பாடகி பியான்சே 2025 பெப்ரவரியில், அவ்வாண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதை வென்றபோது, 1999-ல் லோரின் ஹில் பெற்றதற்குப் பிறகு அவ்விருது பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணாக ஆனார். இடைப்பட்ட கால் நூற்றாண்டு ஏன் அப்படிக் கழிந்தது என்று என் மாணவர்கள் எங்கள் நிகழ்ச்சியின் மூன்றாம் பகுதியில் கேட்டிருந்தார்கள். உங்கள் தளங்களில் பியான்சே அன்று அணிந்திருந்த உடை வந்தது.

பெற்றாரின் அச்சத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. வன்முறையையும் பெண்ணை இழிவுபடுத்துவதையும் கொண்டாடும் ராப் காணொளிகள் உண்டு, அவற்றை நானும் பிள்ளைகளுக்குக் காட்டமாட்டேன். 14 முதல் 18 வயது வரையிலான 522 கறுப்பினப் பெண்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்து 2003-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, ராப் காணொளிகளை அதிகம் பார்த்தவர்களிடம் கைது, ஆசிரியரை அடித்தல் போன்ற நடத்தைகள் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று அது நிறுவவில்லை, ஆயினும் கவலைக்கு இடமுண்டு. ஆனால் அந்தக் காணொளிகளில் எது எடுக்கப்பட வேண்டும், எது ஒளிபரப்பாக வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் யார்? 1981-ல் தொடங்கிய அமெரிக்க இசைத் தொலைக்காட்சியான எம்டிவி தன் முதல் ஆண்டுகளில் கறுப்பினக் கலைஞர்களை ஏறத்தாழ ஒதுக்கியே வைத்திருந்தது. 1983-ல் பிரித்தானியப் பாடகர் டேவிட் போவி அதன் நேர்காணலிலேயே அதைக் கேட்டு அறிவிப்பாளரைத் திணறவைத்தார். பின்னர் கதவு திறந்தபோது, ராப்பின் எத்தனையோ குரல்களில் எது விற்குமோ அது உரத்து ஒலித்தது. அந்த விற்பனைப் படிமத்தை எதிர்த்தவர்களில் கறுப்பின இளையோரும் உண்டு. 2004-ல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரிக்கு எலும்பு மச்சைக் கொடைக்கான முகாம் நடத்த வரவிருந்த ராப் பாடகர் நெல்லியிடம், பெண்களை இழிவாகக் காட்டிய அவரது காணொளி பற்றி எங்களோடு பேசிவிட்டு நடத்துங்கள் என்று அக்கல்லூரி மாணவியர் கேட்டார்கள், முகாம் கைவிடப்பட்டது. தன் சகோதரிக்காகவும் பிற நோயாளிகளுக்காகவும் அவர் நடத்த முனைந்த நல்ல காரியம் அது என்பதால், யார் செய்தது சரி என்று என் வகுப்பில் ஒரு பாடவேளை முழுவதும் சண்டை நடந்தது. பிள்ளைகளுக்கு இப்படிச் சிந்திக்கத் தெரியும். அதற்கான தீனியை நீங்கள் கொடுப்பதில்லை என்பதுதான் என் முறைப்பாடு.

இதையெல்லாம் உங்களிடம் கேட்க எனக்கு இன்னொரு உரிமையும் உண்டு. 1990-களின் இறுதியிலும் 2000-களின் தொடக்கத்திலும் ரொறன்ரோவின் ஆங்கிலப் பத்திரிகைகளில் தமிழ் இளைஞன் என்றால் வன்முறைக் குழு உறுப்பினன் என்று ஆகியிருந்த காலத்தை நீங்கள் மறந்திருக்க முடியாது. சில நூறு பேரின் செயல், பல்லாயிரம் பிள்ளைகளின் முகமாகக் காட்டப்பட்டது. வேலைக்கு விண்ணப்பித்த பையன்களும் பேருந்துக்குக் காத்து நின்ற பையன்களும் அதற்கு விலை கொடுத்தார்கள். 2010 ஓகஸ்டில் ஈழத்தமிழ் அகதிகள் 492 பேரோடு சன் சீ கப்பல் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்தபோது, அதிலிருந்த பெண்களையும் குழந்தைகளையும் விட்டுவிட்டுப் பயங்கரவாதம், ஆட்கடத்தல் என்ற சொற்களே தலைப்புகளில் நின்றன. அப்போது உங்கள் ஒலிவாங்கிகளில் எழுந்த கோபம் நியாயமானது. நானும் அதில் சேர்ந்து குரல் கொடுத்தவள். எங்கள் பிள்ளைகளின் படிப்பை, எங்கள் உழைப்பை, எங்கள் கலையை ஏன் எழுதவில்லை என்று அன்று நாம் ஆங்கில ஊடகத்தைக் கேட்டோம்.

உங்கள் சிரமமும் எனக்குத் தெரியும். சம்பளம் இல்லாமல் செய்தி வாசிப்பவர்கள், நாள் வேலை முடித்து வந்து இரவில் பக்கம் அமைப்பவர்கள், விளம்பரதாரரின் முகம் பார்த்து நிகழ்ச்சி நடத்துபவர்கள் உங்களில் பலர். ஆங்கிலத் தளத்தில் வந்ததை அவசரமாகத் தமிழாக்கிப் போடுகிறீர்கள். ஆயினும் நூறு செய்திகளில் எந்த ஐந்தைத் தமிழாக்குவது என்று தீர்மானிப்பது நீங்கள்தான், அந்தத் தீர்மானத்துக்குக் கூடுதல் பணம் எதுவும் தேவைப்படுவதில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. ஒரு கலைஞரின் கைதை வெளியிட்டால், அவரது வழக்கின் முடிவையும் அதே இடத்தில், அதே அளவில் வெளியிடுங்கள். முடிவைத் தொடர உங்களுக்கு ஆளில்லை என்றால் கைதையும் வெளியிடாதீர்கள். தீர்ப்பு வரும் முன்னர் பொலிஸ் எடுத்த படத்தையோ விலங்கிட்ட படத்தையோ போடாதீர்கள். பாலியல் வன்முறை, குடும்ப வன்முறைச் செய்திகளைப் பொழுதுபோக்குப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, பாதிக்கப்பட்டவர் அடைந்த தீங்கை முதல் பத்தியில் சொல்லுங்கள். உதவி தேடும் இளையோர் அழைக்கக்கூடிய தொலைபேசி எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். 'காப்பிலி' என்ற சொல்லை அறிவிப்பாளரோ நேயரோ பயன்படுத்தினால் அழைப்பைத் துண்டித்து, அங்கேயே வருத்தம் தெரிவிப்பது என்பதை எழுத்துமூல விதியாக்குங்கள். கறுப்பினக் கலைஞர்களின் இசையைப் பற்றி, அதாவது பாடலையும் தாளத்தையும் உழைப்பையும் பற்றி, மாதத்துக்கு ஒரு செய்தியாவது வெளியிடுங்கள். எழுத ஆளில்லை என்றால் என் மாணவர்கள் எழுதித் தருவார்கள், பிழை திருத்தும் வேலையை நான் செய்கிறேன்.

இறுதியாக, சனவரி முழுவதையும் தமிழ் மரபுத் திங்களாகக் கொண்டாடுகிறீர்கள். கனேடிய நாடாளுமன்றம் 2016-ல் அதை ஏற்றுக்கொண்டபோது நாம் அடைந்த மகிழ்ச்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். அடுத்த மாதமே, அதே நாடாளுமன்றம் 1995-ல் நாடாளுமன்ற உறுப்பினர் ஜீன் ஒகஸ்ரினின் முன்மொழிவால் ஏற்றுக்கொண்ட கறுப்பின வரலாற்று மாதம். வரும் பெப்ரவரியின் நான்கு வாரங்களிலும், வாரத்துக்கு அரைமணி நேரத்தைத் தமிழ் இளையோருக்கு ஒதுக்குங்கள். அவர்கள் கறுப்பினச் சக மாணவர்களையும் அழைத்து வந்து பேச அனுமதியுங்கள். விலக்கப்பட்ட நிகழ்ச்சியின் பதிவு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, அதை வெட்டாமல் முதல் வாரத்தில் ஒலிபரப்புங்கள். பெற்றார் விரும்பமாட்டார்கள் என்ற கருத்து இன்னமும் உங்களுக்கு இருந்தால், ஒலிபரப்பு முடிந்த கையோடு நேயர் அழைப்புக்கு இணைப்பைத் திறந்து அவர்களிடமே கேளுங்கள். பதில் சொல்ல மாணவர்களும் நானும் நிலையத்தில் இருப்போம். ஒலிப்பதிவுக்கு மாணவர்கள் தயாராக வேண்டியிருப்பதால், உங்கள் முடிவை டிசம்பர் முதல் வாரத்துக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் காரணத்தோடு எழுதுங்கள், அந்தக் கடிதங்களை வகுப்பில் பிள்ளைகளே வாசிப்பார்கள்.

இவ்வண்ணம்,
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியை,
ஸ்காபரோ, ரொறன்ரோ